லண்டனிலிருந்து நியூசிலாந்துக்கு கோல்ஃப் ஆடப் போகலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. சுருக்கமாக வாசித்துவிடுகிறேன். "எனக்கு 63 வயது, ஓய்வு பெற்றுவிட்டேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) 20. வரும் ஜனவரிக் கடைசியில் புறப்பட்டு மூன்று வாரம் நியூசிலாந்தில் கோல்ஃப் ஆட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வடக்குத் தீவு, தெற்குத் தீவு இரண்டிலுமாகப் பத்து மைதானங்கள் குறித்து வைத்திருக்கிறேன். மனைவியும் வருகிறார், அவர் ஆடமாட்டார். என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அவரிடம் இலங்கைப் பாஸ்போர்ட். கிளப்புகளை (ஆடும் மட்டைகளை) கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? திட்டம் சரிதானா?"

ஐயா, ஆசை நல்ல ஆசை, கட்டாயம் வாருங்கள். திட்டத்தில் மட்டும் பாதியை வெட்டிவிடுங்கள். பத்து மைதானம் வேண்டாம், ஐந்தோ ஆறோ போதும். இரண்டு தீவும் வேண்டாம், வடக்குத் தீவு ஒன்றே போதும். நான் ஆக்லாந்தில் இருப்பவன். ஐரோப்பாவிலிருந்து ஆட வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பட்டியலை நீளமாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கடைசி வாரத்தில் மைதானத்தையே பார்ப்பதில்லை, கடிகாரத்தையும் கார் சாவியையும்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். லண்டனிலிருந்து ஆக்லாந்து ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூரிலோ தோஹாவிலோ இறங்கி ஏறினால் எல்லாம் சேர்ந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். ஜனவரியில் நேர வித்தியாசம் 13 மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு ஹீத்ரோவில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே இறங்குவீர்கள். சனிக்கிழமை என்ற ஒன்று உங்கள் வாழ்க்கையில் வானத்திலேயே போய்விடும். டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், பதிவு செய்யும்போது இந்தத் தேதிக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அப்புறம் உடம்பு. இங்கே மதியம் 1 மணி என்றால் லண்டனில் நள்ளிரவு 12. உடம்பு லண்டன் கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முதல் சில நாள்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சொக்கும், அதிகாலை இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும். இதை மாற்ற முடியாது, ஆனால் பயன்படுத்திக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் ஆட்டமே வேண்டாம், காலை வெயிலில் நன்றாக நடந்துவிட்டு வாருங்கள். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பக்கத்து ஊர் கிளப் ஒன்றில் பாதி ஆட்டமாக ஒன்பது ஹோல் மட்டும். பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். நான்கு நாள் ஆகும்வரை விலை அதிகமான மைதானம் எதையும் பதிவு செய்யாதீர்கள். பல நூறு டாலர் கட்டிவிட்டு, பதிமூன்றாவது ஹோலில் கால் தள்ளாடிக்கொண்டு நிற்பதில் என்ன இருக்கிறது? இறங்கிய அன்றே வாடகைக் கார் எடுத்து நெடுந்தூரம் ஓட்டுவதும் கூடாது. பிரிட்டனைப் போல இடது பக்கம்தானே என்று தைரியம் வரும். ஆனால் நகரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் திசைக்கு ஒரே தடம் உள்ள சாலைகள், வளைவுகள். தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து.

விமானத்தில் நீண்ட நேரம் உட்கார்வதால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து பற்றி உங்கள் வயதுக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள்.

சரி, கிளப்புகள் விஷயம். ஐந்தாறு ரவுண்டு ஆடப் போகிறீர்கள் என்பதால் உங்களுடையதையே கொண்டுவாருங்கள் என்பேன். கை பழகியது பழகியதுதான். டிரைவர் என்ற நீளமான கிளப்பின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள், கம்பிகளுக்கு நடுவே துவாலை செருகுங்கள். தொலைவு பார்க்கும் கருவிக்கான உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. கோல்ஃப் பைக்கு எடை, கட்டணம் எல்லாம் விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், டிக்கெட் வாங்கும் முன்பே கேளுங்கள்.

ஆனால் கிளப்புகளைவிட முக்கியமானது உங்கள் ஷூ. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் பிழைப்பே விவசாயமும் கால்நடையும். வெளிநாட்டு மண்ணில் ஒட்டி வரும் விதை, கிருமி எதுவும் உள்ளே வரக் கூடாது என்பதில் மிகக் கண்டிப்பு. வருகைப் படிவத்தில் வெளிப்புற விளையாட்டுப் பொருள் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள், ஆம் என்று போடுங்கள். ஆக்லாந்து விமான நிலையத்தில் அதிகாரி ஷூவைக் கையில் வாங்கித் திருப்பி, முட்களுக்கு நடுவே பார்ப்பார். காய்ந்த புல் ஒரு துரும்பு இருந்தாலும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவித் தருவார்கள், அதற்கு நேரம் ஆகும். புறப்படுவதற்கு முன் பழைய பல் தேய்க்கும் பிரஷ், சுடுதண்ணீர், கொஞ்சம் சோப்பு வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஷூவின் முட்களைக் கழற்றி அடியில் தேயுங்கள், அயர்ன் என்ற இரும்புத்தலைக் கிளப்புகளின் பள்ளங்களையும் தேயுங்கள். பையின் பக்கவாட்டுப் பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். அங்கேதான் போன வருஷத்து மண்ணும் பந்தைத் தாங்கும் பழைய டீ குச்சிகளும் கிடக்கும். முடிந்தால் புது ஷூ ஒன்று வாங்கி, ஹாரோவிலேயே இரண்டு வாரம் போட்டுப் பழகி, நன்றாகக் கழுவி எடுத்துவாருங்கள். அறிவிக்காமல் ஏதாவது பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். உங்கள் மனைவி பையில் வைத்திருக்கும் மிளகாய்த்தூள், ஊறுகாய், கருவாடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எது இருந்தாலும் அறிவித்துவிடுங்கள், அறிவித்தால் அபராதம் இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் தேனும் மட்டும் கொண்டுவரவே வேண்டாம்.

இப்போது எங்கே ஆடுவது. ஆக்லாந்திலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரத்தில் டே அராய் லிங்க்ஸ் இருக்கிறது. கடலோர மணல்மேட்டில் இரண்டு மைதானங்கள். தெற்கு மைதானம் 2022இல் திறந்தது, பில் கூரும் பென் கிரென்ஷாவும் வடிவமைத்தது. வடக்கு மைதானம் டாம் டோக் வடிவமைத்து 2023இல் வந்தது. உங்கள் ஹேண்டிகேப்புக்கு நான் தெற்கு மைதானத்தைத்தான் சொல்வேன். ஃபேர்வே என்ற ஆடும் புல்தடம் அகலம், தரை இறுகிக் கிடக்கும். லண்டன் பக்கத்து ஈரப் புல்லில் பந்தை மேலே தூக்கிப் போட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே அது எடுபடாது, கடல்காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். குழி இருக்கும் கிரீனுக்கு முப்பது அடி முன்னாலிருந்தே, பந்தை உருட்டும் பட்டர் என்ற கிளப்பால் உருட்டிவிடலாம். நல்ல ஷாட் அடித்து பந்து தரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு தனி ஆனந்தம். பக்கத்திலேயே தாரா இட்டி என்ற புகழ்பெற்ற மைதானம் உண்டு, ஆனால் அது உறுப்பினர்களின் கிளப். அந்தப் பெயர் ஒரு சின்னக் கடற்பறவையுடையது. நியூசிலாந்திலேயே மிக அரிதான பறவைகளில் ஒன்று, இந்தக் கடற்கரைகளில் கோடையில் மணலிலேயே முட்டையிடும். வேலி போட்டிருக்கும் இடத்தில் தயவுசெய்து கால் வைக்காதீர்கள்.

அடுத்தது ஹாக்ஸ் பே வட்டாரத்தில் உள்ள கேப் கிட்னாப்பர்ஸ் மைதானம். 2004இல் திறந்தது, இதுவும் டாம் டோக். வாசல் கேட்டிலிருந்து கிளப் கட்டடத்துக்கே ஆட்டுப் பண்ணை வழியாகப் பல கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், ஆகவே டீ டைமுக்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டில் இருங்கள். நிலம் கைவிரல்களைப் போலக் கடலை நோக்கி நீண்டிருக்கும், விரல்களுக்கு நடுவே செங்குத்தான பள்ளம். பதினைந்தாவது ஹோலில் கிரீனைத் தாண்டினால் நூறு மீட்டருக்கும் மேலே நின்று கடலைப் பார்ப்பீர்கள். பந்து தொலையும், டஜன் கணக்கில் எடுத்துப் போங்கள். விலை மிக அதிகம். என்றாலும் வாழ்நாளில் ஒரு முறை என்று வருகிறவர் இந்த ஒன்றுக்குச் செலவு செய்யலாம் என்பது என் கருத்து. உங்களுக்கு முழங்கால் தொந்தரவு இருந்தால், எந்த மைதானமானாலும் பக்கி என்ற மைதான வண்டி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் நடந்துதான் ஆட வேண்டியிருக்கும்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நான் அவரை வைத்துத்தான் ஊர்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். டே அராயில் கோல்ஃபும் கடற்கரையும் தவிர பெரிதாக எதுவும் இல்லை, இரண்டு இரவு போதும். ஹாக்ஸ் பேயில் ஐந்து இரவு தங்குங்கள். நேப்பியர் நகரம் 1931 நிலநடுக்கத்தில் இடிந்து, அந்தக் காலத்து ஆர்ட் டெக்கோ பாணியிலேயே மறுபடி எழுந்தது. ஒரு முழு நாள் அந்தத் தெருக்களில் நடக்கலாம். பிப்ரவரியில் அதற்கென்றே ஒரு திருவிழா நடக்கும், அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கேனட் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடும் பாறைமுனையும் அங்கேதான், நீங்கள் ஆடும் நேரத்தில் அவர் அதைப் பார்த்து வரலாம். வழியில் டாப்போ ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்குங்கள். பக்கத்து வைராக்கெய் மைதானத்தைச் சுற்றி எலி, கீரி போன்ற விலங்குகள் நுழையாதபடி வேலி போட்டு உள்நாட்டுப் பறவைகளைக் காக்கிறார்கள். அங்கே ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பறவையைப் பார்க்கிறவர்கள் அதிகம்.

கடைசியாக வெலிங்டன் பக்கம் பராப்பராவுமு பீச். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். 1949இல் அலெக்ஸ் ரஸ்ஸல் வடிவமைத்தது. இவர் ராயல் மெல்போர்னில் அலிஸ்டர் மெக்கென்சியோடு சேர்ந்து வேலை செய்தவர். ஆடம்பர விடுதி கிடையாது, ஒரு சாதாரண ஊர் கிளப். 2002இல் நியூசிலாந்து ஓபன் இங்கே நடந்தபோது டைகர் வுட்ஸ் வந்து ஆடினார், அவருடைய கேடி, அதாவது கிளப் பை தூக்கும் உதவியாளர், ஸ்டீவ் வில்லியம்ஸ் இந்தப் பக்கத்துக்காரர் என்பதால். பெரிய விடுதி மைதானங்களோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. வெலிங்டனிலிருந்து ரயிலிலேயே வந்துவிடலாம். உங்கள் பட்டியலில் இது இல்லை என்பதைக் கவனித்தேன், முதலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடையில் சாலையோரம் கிராமத்துக் கிளப்புகள் தென்படும். பல இடங்களில் ஆளே இருக்கமாட்டார்கள். சுவரில் ஒரு பெட்டி, மேலே கவர்கள், ஒரு பேனா. பெயரை எழுதி, இருபது முப்பது டாலரைக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஆட வேண்டியதுதான். சில்லறை நோட்டு கையில் வைத்திருங்கள், பெட்டி மட்டும் இருக்கும் இடத்தில் கார்டு செல்லாமல் போகலாம். ஜனவரிக் கடைசியில் இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், சாயங்காலம் ஒன்பது ஹோல் தாராளமாக ஆடலாம். உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள், யாரும் இல்லாத இடத்தில் அவரும் நாலு பந்து அடித்துப் பார்க்கட்டும்.

வெயிலை மட்டும் குறைத்து எடை போடாதீர்கள். 22 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறது, ஓசோனும் குறைவு, காற்றும் சுத்தம். வட அரைக்கோளத்தில் இதே அட்சரேகையில் உள்ள இடங்களைவிட இங்கே கோடைகாலப் புற ஊதாக் கதிர் உச்சத்தில் சுமார் 40 சதவீதம் அதிகம். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்காமல் சன்ஸ்க்ரீன் பூசுங்கள், அகல விளிம்புத் தொப்பி போடுங்கள்.

காப்பீடு விஷயத்தில் ஒன்று. இங்கே விபத்தில் காயம்பட்டால் சுற்றுலாப் பயணிக்கும் ஏசிசி என்ற அரசு அமைப்பு சிகிச்சைச் செலவில் உதவும், ஆனால் நோய்க்கு அது கிடையாது. அதனால் உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிப் பயணக் காப்பீடு எடுங்கள். கிளப்புகளும், முன்கூட்டிக் கட்டிய மைதானக் கட்டணமும் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

விசா. நீங்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்பதால் என்.இசட்.இ.டி.ஏ. என்ற இணைய அனுமதி போதும், 72 மணி நேரம் வரை ஆகலாம். உங்கள் மனைவி இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பதால், லண்டனில் எத்தனை வருஷம் இருந்திருந்தாலும், முறையான வருகையாளர் விசா எடுத்தாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அங்கே விமானம் மாறுவதற்கே அவருக்குத் தனி விசா வேண்டும். இந்த வாரமே அவருடைய விண்ணப்பத்தைப் போடுங்கள். ரத்து செய்யக்கூடிய அறைகளை இப்போதே பிடித்து வையுங்கள். கேப் கிட்னாப்பர்ஸ் மாதிரித் திரும்பக் கிடைக்காத பணத்தை அவர் விசா கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.