திரும்பி வர பஸ் எங்கே?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்களுக்கு பஸ் கேட்டு மனு எழுதத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம். வெளியே ஒருக்கா எட்டிப் பாருங்கோ, வாசல் முழுக்க மோட்டார் சைக்கிள். காரைக் குறைக்க வேண்டும் என்று கொழும்பில் பேசுவார்கள், வன்னியில் கார் வைத்திருப்பவர் எத்தனை பேர்? எங்களுக்குக் கார் என்பது லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள்தான், அதுவும் இல்லாவிட்டால் ஆட்டோ. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றபோது வயலுக்குப் போவதா, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றுவதா என்று கணக்குப் பார்த்தோமே, அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

காலையில் எப்படியோ ஒரு பஸ் வரும், தொங்கிக்கொண்டாவது போய்விடலாம். திரும்பி வருவதுதான் சிக்கல். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வரும் அம்மாமாரைப் பாருங்கோ: கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பார்கள், இலக்கம் கூப்பிட முன்னமே கண் மணிக்கூட்டில் இருக்கும், மருந்து வரிசையில் நின்றால் ஒரு மணி பஸ் போய்விடும் என்று மருந்தே எடுக்காமல் ஓடுகிறவர்களும் உண்டு. அந்த அம்மாவின் மகன் அடுத்த மாதம் லீசிங் கொம்பனி வாசலில் நிற்பதில் என்ன அதிசயம்?

ரயிலையும் சொல்ல வேண்டும். 1990இல் நின்றுபோனது 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்தது. நல்லது. ஆனால் முல்லைத்தீவுக்குத் தண்டவாளமே கிடையாது, மாங்குளத்தில் இறங்கினால் இன்னும் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். ரயில் வரும் நேரத்துக்கு ஸ்ரேசனடியில் ஒரு பஸ் நின்றால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஆட்கள் ஆட்டோவுக்குப் பேரம் பேசத் தேவையில்லை. அதற்குப் புதுப் பாதை ஒன்றும் போட வேண்டாம், நேர அட்டவணையைத் திருத்தினால் போதும்.

பஸ்காரரைத் திட்டுவது சுலபம். தனியார் பஸ் முதலாளிக்கு வருமானம் ரிக்கற் காசு. ஆகவே ஆள் சேரும் வரை ஸ்ராண்டில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு நிற்பார்கள், பிறகு முன்னால் போகிற இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ்ஸை முந்த ஓடுவார்கள். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இரவு ஏழு மணிக்கு நெடுங்கேணிக்கு ஓடு என்றால் டீசலுக்கு யார் காசு தருவது? ஏறிய ஆட்களின் எண்ணிக்கைக்கு இல்லாமல், ஓடிய தூரத்துக்கும் நேரம் தவறாமைக்கும் காசு கொடுத்தால்தான் இது சரிவரும். நட்டம் வரும் பாதையில் அரசாங்கம் கை கொடுப்பது புதிசும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிசு செரிய, கிராமப் பாதைகளுக்குக் கெமி செரிய, இரவிலும் விடியப்புறத்திலும் ஓட நிசி செரிய என்று தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் திட்டங்கள் இருக்கின்றன. சிசு செரியவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள், மற்ற இரண்டையும் கேள்விப்பட்டவர்கள் கையைத் தூக்குங்கோ பார்ப்போம்... சரி, விளங்குது.

ஆகவே மனுவில் ‘பஸ் வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். பின்னேரம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒன்று, இரவு ஏழரைக்கு டவுனிலிருந்து ஒன்று என்று நேரத்தோடு கேளுங்கோ. முதல் இரண்டு மாதம் பாதி சீற் வெறுமையாகத்தான் கிடக்கும், ஒரு கிழமை பஸ் ஓடியதை நம்பி யாரும் மோட்டார் சைக்கிளை விற்கப்போவதில்லை. அதனால் ஆறு மாதத்துக்கு நிறுத்தமாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கோ. அப்புறம் கேள்விகள் இருந்தால் கேட்கலாம், ஐந்தரை மல்லாவி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில்.