மாலை வகுப்பு ஆசிரியருக்கு ஒரு மேசை

வணக்கம் நேயர்களே. உயர்கல்வியில் மனிதவளம் என்று தலைப்புக் கொடுத்து அழைத்தார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்களை எப்படி வரவழைப்பது, நிரந்தரப் பதவி யாருக்கு என்று அதில் பேச எத்தனையோ உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, பகல் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு மாலை 7 மணிக்கு வந்து பாடம் நடத்துகிறார்களே, அந்தப் பகுதிநேர விரிவுரையாளர்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பல ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் இருந்தவள் என்பதால் என் மனதை அதிகம் உறுத்துவது அவர்கள் விஷயம்தான்.

நம் சிங்கப்பூரில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2023இல் மொத்தக் கருவள விகிதம் 0.97, அதாவது சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. ஆனால் வகுப்பறை காலியாகப் போவதில்லை. 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திறன் வளர்ப்பு இயக்கத்தில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்கென்று 2024இல் கூடுதலாக 4,000 வெள்ளி வரவு வைக்கப்பட்டது. வேலையில் இருப்பவர்கள் மறுபடியும் படிக்க வருகிறார்கள். அவர்களால் மாலையிலும் சனிக்கிழமையிலும்தான் வர முடியும். அவர்கள் கேட்பதும் தொழிலில் இன்று நடப்பதை. அதைச் சொல்லிக்கொடுக்க அந்தத் தொழிலில் இருப்பவரே வேண்டும். ஆக, பகுதிநேர ஆசிரியர் இல்லாமல் இனி முடியாது.

சரி, அவர்களை எப்படி வைத்திருக்கிறோம்? நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்விக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பொறியாளர், மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை, ஐம்பது வயதைத் தாண்டியவர். வேலை முடிந்து பேருந்து, எம்ஆர்டி ரயில் என்று மாறி மாறி வந்து சேர்வார். ஆசிரியர் அறைக் கதவு அவருடைய அட்டைக்குத் திறக்காது, ஏனென்றால் அட்டையே இன்னும் தயாராகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பொட்டல மீகோரெங்கைச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவார். வகுப்பு முடிந்தும் மாணவர்கள் விடமாட்டார்கள், பானம் விற்கும் இயந்திரத்தின் வெளிச்சத்தில் நின்றபடி பத்தேகால் வரைக்கும் வரைபடம் போட்டு விளக்குவார். அவருடைய நியமனக் கடிதம் மூன்றாவது வாரம்தான் போய்ச் சேர்ந்தது. நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம் அது, அதை மேசை மேசையாக அனுப்பிக்கொண்டிருந்தவள் நான்தான். அடுத்த பருவத்துக்கு அழைத்தபோது, “பாடம் நடத்த ஆசைதான்மா, ஆனா ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு யாராவது கதவைத் திறப்பாங்களான்னு பார்க்க முடியல” என்றார். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு சின்ன மாற்றம் கேட்டோம். முதல் வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம், அட்டை, மின்னஞ்சல் கணக்கு மூன்றும் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வகுப்பை அட்டவணையில் போடக்கூடாது. இதற்குத் தனியாகப் பணம் தேவைப்படவில்லை. கையெழுத்துகளை நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கத்தான் ஓராண்டு வாதாட வேண்டியிருந்தது.

சம்பள விஷயம் இதைவிடக் கடினம். வகுப்பில் நிற்கும் மணிக்குத்தான் பெரும்பாலும் கணக்கு. நாற்பது பேரின் தாளைத் திருத்துவது, பாடம் தயாரிப்பது, இரவில் வரும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். திருத்தும் வேலைக்குத் தனித் தொகை வைப்பதுதான் நியாயம் என்பேன். அப்புறம், பருவத்துக்குப் பருவம் கடிதம் கொடுப்பதை விட்டுவிட்டு ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தம் கொடுத்துப் பாருங்கள், அவர் தன் பாடத்தைத் தானே செதுக்க ஆரம்பித்துவிடுவார்.

மூத்தவர்களையும் மறக்கக்கூடாது. 2026 ஜூலையிலிருந்து ஓய்வு வயது 64, அதற்குப் பிறகும் வேலையில் தொடர வாய்ப்புக் கொடுக்க வேண்டிய மறுவேலை வயது 69. முப்பது ஆண்டுத் தொழில் அனுபவத்தோடு இருப்பவர் வாரத்துக்கு இரண்டு மாலை தரத் தயாராக இருந்தால் அவரை வரவேற்க ஆள் வேண்டும். ஆனால் தொழில் தெரிந்தவருக்கு எல்லாம் கற்பிக்கத் தெரிந்துவிடும் என்று விட்டுவிடுவதும் தவறு. முதல் பருவத்தில் ஓர் அனுபவசாலி ஆசிரியர் அவர் வகுப்பில் பின்வரிசையில் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்து, பிறகு ஒரு கோப்பியோடு பேசினாலே நிறைய மாறும். அந்த நேரத்துக்கும் இருவருக்கும் பணம் கொடுக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் மாலை வகுப்பு எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் இருப்பீர்கள். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்கள்: என்னை ஊழியராக எடுக்கிறீர்களா, சுயதொழில் செய்பவராகவா? ஊழியர் என்றால் முதலாளி மசே நிதி, அதாவது மத்திய சேமநிதி, கட்ட வேண்டும். சுயதொழில் என்றால் அது கிடையாது, வருமானத்தைப் பொறுத்து, மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். தாள் திருத்துவதற்குக் கணக்கு உண்டா என்றும், முதல் நாள் உங்கள் அட்டைக்கு எந்தெந்தக் கதவு திறக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். அந்தப் பொறியாளருக்கு நான் மறுபடியும் போன் செய்தேன், இந்த முறை கடிதமும் அட்டையும் தயாராக வைத்துக்கொண்டு. வியாழக்கிழமை வகுப்பை எடுத்துக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.