பாட்டி வீட்டுச் செவலை

தலைவர் அவர்களே, மின்விசிறி சுற்றாத மேடையிலும் முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற ஆண்டு ஒருவரை விட்டுவிட்டேன். அவர் வீட்டுக் காதுகுத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

முன்னோர் சாயல் பேரன் பேத்திகளிடம் திரும்பி வருவது பற்றிப் பட்டாணி, புறா, மனிதர் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ‘விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?’ என்பார்கள். பாட்டி சுரையாக இருந்தால் முளைக்கும்! மெண்டல் என்ற துறவி 1866இல் அச்சிட்ட கணக்கைப் பாருங்கள். ஊதாப்பூப் பட்டாணியும் வெள்ளைப்பூப் பட்டாணியும் கலந்ததில் பிள்ளைகள் அத்தனையும் ஊதா. பேரப்பிள்ளைகள் 929இல் 224 வெள்ளை.

எங்கள் தொண்டுப்பட்டியில், அதாவது மாடு அடைக்கும் பட்டியில், மயிலை என்னும் சாம்பல் நிறப் பசு ஒன்று இருந்தது. காங்கேயம் இனக் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகும்; உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்? அந்தக் கன்றோ வருடம் ஒன்றாகியும் செவலையாகவே நின்றது. “எவன் காளையை உள்ளே விட்டாய்?” என்று அப்பா மேய்ச்சல்காரரிடம் சீறினார். அவர் தடியைப் படலில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் கைக்கு மட்டுமே பால் விடும் பசு மூன்று நாள் எல்லோரையும் உதைத்தது. அப்பா வாங்கிய உதையை இந்தச் சபையில் விவரிக்க மாட்டேன். பார்வை மங்கித் திண்ணையில் கிடந்த அப்பாருவிடம், என் தாத்தாவிடம், நான்தான் உளறினேன். அவர் சிரித்தார்: “உன் ஆயா, என் வீட்டுக்காரி, சீராகக் கொண்டுவந்ததே செவலைப் பசுதானே! அதன் வழியில் வந்த கன்று இது.” அப்பா வெற்றிலை பாக்கோடு போய் அழைத்து வந்தார். மேய்ச்சல்காரர் கன்றைத் தடவி, “விரை ஒன்று போட்டால்…” என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா சொம்பைத் தேடப் போய்விட்டார்.

டார்வினின் புறாக் கதைக்கும் மனிதர் கதைக்கும் நேரமில்லை. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால் பட்டாணி வந்தாலென்ன, புறா வந்தாலென்ன? வம்சமே அற்றுப்போனால் எந்தச் சாயல் திரும்பும்? கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் முள்கிளுவை வேலியுமாக இருந்த எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் இன்று மனைக்கல் நடுகிறார்கள். இனவிருத்திக்கான பொலிகாளை தேடி ஊர் ஊராக அலைகிறோம். விரை எங்கே, சுரை எங்கே? மேய்ச்சல் நிலத்தைக் காக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பந்திக்குப் போகும் வழியும் அதுதான். கையெழுத்திட்டுவிட்டு இலையில் உட்காருங்கள்.