நிற்க வைத்தும் ஒருமுறை பாருங்கள்

(ஓய்வூதியர் சங்க ஆண்டு விழாவில், முதியோர் நலம் குறித்து ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு காலையிலிருந்து எல்லோருக்கும் நீர்மோர் கிடைக்க வழிசெய்த நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, புறநோயாளிகள் வரிசை காத்திருக்கும்போதும் நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த கருவூல அலுவலர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும், தொண்ணூறு வயதைத் தாண்டிய தமிழாசிரியர் ஐயா அவர்களே, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். பெயர் சொல்ல விட்டுப்போன பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இன்று நான் பேச வந்தது அந்தச் சறுக்கலைப் பற்றித்தான். உலகம் முழுவதும் கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் பெரும்பங்கு அறுபதைக் கடந்தவர்கள். நம் தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியிருந்தார்கள். ஆகவே இது நம் வீட்டுக் கணக்கு. விழுவதற்கு நான்கு காரணங்களை எடுத்துக்கொள்கிறேன்: பிரஷர், கண், குளியலறை, எலும்பு.

முதலில் பிரஷர். அது கூடினால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். எழுந்து நிற்கும்போது குறைந்தாலும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. நாம் எழுந்தவுடன் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக்குழாயில் உள்ள உணர்நரம்புகள் உடனே அதைக் கண்டு, இதயத்தை வேகப்படுத்தி, குழாய்களைச் சுருக்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் காக்கும். வயதாக ஆக இந்த வேலை மந்தமாகிறது. நீண்டநாள் சர்க்கரை நோய் அந்த நரம்புகளையே கெடுக்கிறது. நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர். பணிக்காலம் முழுவதும் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர். ஒரு விபத்துக்கூட இல்லை, பதக்கமே வாங்கியவர். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றபின் சொந்த வீட்டு முற்றத்தில் விழுந்தார். விடியற்காலை நாலு மணி, சிறுநீர் கழிக்க எழுந்தார், நாலடி வைத்தார், விழுந்தார். நெற்றியில் தையல். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். மறுமாதம் அதே நேரம், அதே இடம், மறுபடி விழுந்தார். சம்சாரம் விடவில்லை: “அந்த மூலையில ஏதோ இருக்குங்க.” எலுமிச்சம்பழம் வெட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். மகன் நகரத்துக்குக் கூட்டிப்போய்த் தலைக்கு ஸ்கேன், இதயத்துக்கு ஈசிஜி, கழுத்துக்கு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார். “அப்பாவுக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முறையும் விழுந்தார்! அப்போது கட்டுப் பிரிக்க வந்த நர்ஸ் பெண் கேட்டது: “தாத்தா, படுத்துக்கங்க, பிரஷர் பார்க்கிறேன்.” 148. “இப்ப எழுந்து நில்லுங்க.” ஒரு நிமிடம் கழித்து 112. அதே முற்றம், அதே மூலை. பேய் இருந்தது மாத்திரை டப்பாவில். பிரஷருக்கு ஒருவர் எழுதியது, புராஸ்டேட்டுக்கு இன்னொருவர் எழுதியது, இரண்டையும் இரவு சாப்பாட்டுக்குப் பின் சேர்த்துப் போட்டிருக்கிறார். மருத்துவர் மருந்தையும் நேரத்தையும் மாற்றி எழுதினார். அதன்பின் அவர் விழவில்லை.

இங்கேதான் என் கோரிக்கை வருகிறது. 2017-18ல் நம் நாட்டில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேரை வைத்து முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வின் முதல் சுற்று நடந்தது. அறுபதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். மாத்திரை சாப்பிடும் கூட்டம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அயர்லாந்தில் டப்ளின் டிரினிட்டி கல்லூரி நடத்தும் அதுபோன்ற ஆய்வில் ஒருபடி மேலே போய், முதியோரை எழுந்து நிற்க வைத்து, ஒவ்வொரு துடிப்பாக அழுத்தத்தை அளந்தார்கள். நின்று 40 வினாடி ஆகியும் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பாதவர்கள் பின்னாளில் காரணம் தெரியாமல் அதிகம் விழுந்தார்கள்.

நம்மிடம் ஒரு பெரிய படை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தரும் திட்டம் அது. அந்த மிஷினே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பெரியவரை 5 நிமிடம் படுக்க வையுங்கள். அந்த நேரத்தில் மாத்திரைகளை எண்ணிவிடலாம். ஒருமுறை அளந்து எழுதுங்கள். பட்டையைக் கழற்றாமல் நிற்க வைத்து, 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. நிற்கும்போது கை தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும். உண்மையான சரிவு மறைந்துபோகும். கையை நெஞ்சு உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்றால் 3 நிமிடம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே உட்கார வையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கணுக்காலைப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டி, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பின்னும் அழுத்தம் இறங்கும். சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடுங்கள். ஒன்றைக் கைகூப்பிக் கேட்கிறேன்: பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பக்கவாதம்கூட வரலாம்.

கண்ணைப் பற்றித் தலைமை மருத்துவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். குளியலறையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழாதீர்கள். அது டைல்ஸில் சின்ன பிளாஸ்டிக் பிளக்கில் நிற்கிறது. உடல் எடை விழுந்தால் திருகோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கைப்பிடிக்கென்றே விற்கும், ஒன்றேகால் அங்குலப் பருமனுள்ள எவர்சில்வர் குழாயை, டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கலுக்குள் ஆங்கர் போல்ட் இறக்கி மாட்டச் சொல்லுங்கள். எலும்புக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி விழுந்தவரைத் தேற்றுவதோடு நாம் நிற்கக் கூடாது. ஏன் சறுக்கியது என்று கேட்க வேண்டும். அதனால் இந்த அவையின் முன் ஒரு தீர்மானம் வைக்கிறேன்: “60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையும், மாத்திரை மாறும்போதெல்லாம் மறுமுறையும், படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்து, இரண்டையும் அட்டையில் எழுத வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறையை இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.” கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் முன் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.