அழுகையை நிறுத்திவிட்ட பிள்ளைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நோயாளிகள் காத்திருக்க நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கும் குழந்தை மருத்துவர் அம்மா அவர்களே, அழைப்பிதழ் முதல் ஒலிபெருக்கி வரை ஓடியாடிப் பார்த்துக்கொண்ட மன்றச் செயலாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். கைக்குழந்தையோடு பின்னால் நிற்கும் தாய்மார்களுக்கு யாராவது இடம் கொடுங்கள், அப்புறம் தொடங்குகிறேன்.

சரி. கவனிப்பாரற்ற குழந்தைகள், பெற்றோர் பேச்சு, மனக்காயம் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். அழுது அழுதும் யாரும் வராவிட்டால்? பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். நாமோ அதைச் 'சமத்து' என்று மெச்சுகிறோம்.

ஒரு காப்பகத்துக்குச் சில மாதம் உதவிக்குப் போனேன். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. பொம்மை அழுவதுபோல் தானே அழுவாள். பிறகு பொம்மையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, "சும்மா இரு, வேலை இருக்கு" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா ஏன் அழுவுது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். மறுநாளும் கேட்டேன், அதே பதில். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் பொம்மையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டு, "நீயே கேளு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவள் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு வேலை பார்த்தவர் அவர்.

பதில் கிடைக்காத பிள்ளை ஓய்ந்துபோவதைத்தான் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனை காட்டியது. கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இத்தனைக்கும் சில நிமிடம்தான்.

மாதக்கணக்கில் அப்படி இருந்தால்? 1989இல் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்த பின் ருமேனியாவின் அநாதை இல்லங்களுக்குள் போனவர்கள், கைக்குழந்தைகள் நிறைந்த அறைகளில் அழுகைச் சத்தமே இல்லாததைக் கண்டு திகைத்தார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற நம்பிக்கையே அங்கே செத்துப்போயிருந்தது. 2000இல் அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் போன குழந்தைகள் பொதுவாக நன்றாகத் தேறினார்கள்.

அங்கே பணியாளர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? இல்லை. ஆள் போதவில்லை. அதனால்தான் போகிற இடமெல்லாம் கேட்கிறேன்: காப்பகங்களில் ஓர் ஆயாவிடம் மூன்று கைக்குழந்தைக்கு மேல் விடாதீர்கள், அவர்களுக்குக் கௌரவமான சம்பளம் கொடுங்கள். மனக்காயம் பற்றி மருத்துவர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் கேட்டதை எழுதிய மனு கையெழுத்துக்காக வாசலில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம்.