தலை மட்டும் தப்பினால் போதுமா?

அவையில் இருக்கும் தாய்மார்களுக்கும், செவிலியர்களுக்கும், ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

"தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்பார்கள். கருவிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தையைப் பார்க்கும்போது நாமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறோம். கைகால் குச்சியாக இருக்கும், தொடைத் தோல் சுருங்கித் தொங்கும், ஆனால் தலை ஓரளவு சரியான அளவில் இருக்கும். "உடம்புதானே, பால் குடித்தால் தேறிவிடும்" என்று ஆறுதல் அடைகிறோம். உடம்பு தேறத்தான் செய்யும். தலைக்குள் என்ன நடந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

தாயிடமிருந்து குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் வாங்கித் தரும் உறுப்பான நஞ்சுக்கொடியிலிருந்து, சுருக்கமாக 'நஞ்சி'லிருந்து, தொடங்குவோம். கர்ப்பப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சிறு தமனிகள் உண்டு. கர்ப்பத்தின் முற்பாதியில் நஞ்சின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரிலுள்ள தசையை அகற்றி, அகன்ற குழாய்களாக மாற்ற வேண்டும். இந்த வேலை அரைகுறையாக நின்றுபோனால் குழந்தைக்கு ஆக்சிஜனும் குளுக்கோஸும் போதாது. அப்போது குழந்தை, வருவதைப் பங்கிடத் தொடங்குகிறது. மூளைக்குப் போகும் குழாய்கள் விரிகின்றன. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் தசைக்கும் போகிறவை சுருங்குகின்றன. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இது தெரியும். தொப்புள்கொடித் தமனியில், இரண்டு துடிப்புக்கு நடுவிலும் இரத்தம் நஞ்சை நோக்கி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நஞ்சு கெடக் கெட அந்த ஓட்டம் மெலியும், நிற்கும், கடைசியில் பின்னோக்கிப் பாயும்.

மூளைக்கு ஓட்டம் கூடும் இந்த நிலைக்கு மருத்துவத்தில் 'மூளைக் காப்பு' என்று பெயர். நல்ல பெயர், தவறான நம்பிக்கையைத் தந்த பெயர். ஓடுகிற இரத்தம் கூடினாலும், அதிலுள்ள ஆக்சிஜன் குறைவுதானே? ஸ்கேனில் இந்த அறிகுறி தெரிந்த குழந்தைகளே பிற்காலத்தில் அதிகம் பின்தங்குகிறார்கள் என்று பின்தொடர் ஆய்வுகள் காட்டின. ஆகவே இதை அபாய மணியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எளிதில் அடிபடும் இடம் ஹிப்போகாம்பஸ். காதுக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில், கடல்குதிரை போல வளைந்து கிடக்கும் சிறு பகுதி. இன்று கேட்டதை நாளைக்கு நினைவில் தங்கவைப்பது அதன் வேலை. ஆக்சிஜன் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசோல் ஹார்மோன் கூடுவது ஆகிய மூன்றுமே அதற்கு ஆகாது. சினையான கினிப் பன்றிகளில், சினைக்காலத்தின் நடுவில் ஒரு பக்கத்துக் கர்ப்பப்பைத் தமனியைக் கட்டிப் பார்த்தார்கள். குட்டிகளின் ஹிப்போகாம்பஸில் நரம்பு செல்கள் குறைந்திருந்தன. வளர்ச்சி குன்றிக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை எம்.ஆர்.ஐ. எடுத்தபோதும் அந்தப் பகுதி சிறுத்திருந்தது. செல்களோடு விஷயம் முடிவதில்லை. 34 வாரத்தில் மூளையின் எடை, நிறைமாத மூளையில் மூன்றில் இரண்டு பங்குதான். மடிப்புகளும், செல்களின் கிளைகளும், நரம்பிழைகளின் மேல் படியும் மயலின் உறையும் கடைசி வாரங்களில்தான் வேகமாக வளர்கின்றன. நஞ்சு சோர்ந்துபோவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

பள்ளியில் இது எப்படித் தெரியும்? "பச்சை நோட்டை எடு, தேதி போடு, மூன்றாவது கணக்கைச் செய்" என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளை நோட்டை எடுத்துவிட்டு, அடுத்தது என்ன என்று விழிக்கிறான். கதை சொன்னால் புரிந்துகொள்கிறான். சொன்ன ஐந்து எண்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல முடியவில்லை. இஸ்ரேலின் டெல் அவீவ் நகரில், கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளை ஒன்பது வயதில் சோதித்தபோது, இந்தக் குறுகிய நேர நினைவில்தான் தடுமாற்றம் தெரிந்தது. இதைச் சோம்பேறித்தனம் என்று அடிப்பது கொடுமை. எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகும் என்றும் எண்ண வேண்டாம். பலர் நன்றாகவே படிக்கிறார்கள்.

எடை ஒன்றே அளவுகோலா என்றால், இல்லை. 1944 நவம்பர் முதல் 1945 மே வரை, ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ஒருவருக்கு ஒரு நாள் ரேஷன் ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் குழந்தைகள் சுமார் 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. முதல் மாதங்களில் மட்டும் பட்டினி கிடந்தவர்களின் குழந்தைகள் எடை குறையவில்லை. 19 வயதில், ராணுவத்துக்கான அறிவுத்திறன் தேர்விலும் பஞ்சத்தின் சுவடு தெரியவில்லை. ஆனால் ஐம்பது வயது தாண்டிச் சோதித்தபோது, தொடக்க மாதங்களில் பஞ்சத்தைக் கருவில் சந்தித்தவர்கள் கவனத்தை நிறுத்திச் செய்யும் சோதனையில் பின்தங்கினார்கள். மற்றச் சோதனைகளில் அவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை.

சரி, என்ன செய்யலாம்? ஒரு சாதாரண டேப் போதும். 24 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு முறையும், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, கர்ப்பப்பையின் உச்சியிலிருந்து அடிவயிற்று எலும்பின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். எண்கள் உள்ள பக்கம் கீழே இருக்கட்டும்; பார்த்துக்கொண்டே அளந்தால் கை நாம் எதிர்பார்க்கும் எண்ணுக்கே போகும். 30 வாரம் என்றால் ஏறக்குறைய 30 செ.மீ. மூன்று செ.மீ. குறைந்தாலோ, இரண்டு அளவுகளுக்கு நடுவில் வளர்ச்சியே இல்லாவிட்டாலோ ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும்.

நான்காம் மாதம் முதல் 180 நாள், 60 மி.கி. இரும்புச்சத்து மாத்திரை. டீயோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் பாதி வீண். முந்தைய கர்ப்பத்தில் இரத்தக் கொதிப்போ எடை குறைந்த குழந்தையோ இருந்தால், 16 வாரத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று அவர் முடிவு செய்வார். "குறைவாகச் சாப்பிடு, குழந்தை சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபம்" என்ற பேச்சுக்குத் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள்.

குன்றிய வளர்ச்சியை வயிற்றுக்குள்ளேயே சரிசெய்யும் மருந்து இன்று கிடையாது. இரத்தக் குழாய்களை விரிக்கும் சில்டெனாஃபில் மருந்தைத் தாய்மாருக்குக் கொடுத்துப் பார்த்த டச்சு ஆய்வு, பிறந்த குழந்தைகள் இறந்ததால் 2018-ல் நிறுத்தப்பட்டது. படுத்தே கிடப்பதாலும் பயனில்லை. எந்த வாரத்தில் குழந்தையை வெளியே எடுப்பது என்ற கணக்குதான் மருத்துவரின் கையில் இருக்கிறது. சீக்கிரம் எடுத்தால் குறைமாதத்தின் பாதிப்பு, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பிறந்த பிறகு முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். இந்தக் குழந்தைகளின் ஈரலில் சேமிப்பு குறைவு என்பதால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அது மூளைக்கு இரண்டாவது அடி. நெஞ்சோடு தோல்படச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடுப்பூசி நாளிலும் எடையோடு தலைச் சுற்றளவையும் அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்தப் பிள்ளைக்கு முதலில் நோட்டை எடுக்க மட்டும் சொல்லுங்கள். எடுத்த பிறகு, தேதி.