பேசில் ஹியூம்: பேராயரைத் தாங்கி நின்றது மடமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பேராயர் பேசில் ஹியூமின் வாழ்வுக்குப் பெருமை சேர்த்தது பதவியா, துறவு மடமா என்பது தலைப்பு. மடமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

1923இல் நியூகாசிலில் பிறந்த அவர், 18 வயதில், புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றும் ஆம்பிள்ஃபோர்த் துறவு மடத்தில் சேர்ந்து, அதன் பள்ளியில் மொழிப்பாடமும் ரக்பியும் கற்பித்து, 1963இல் மடத்தின் தலைவரானார். 1976இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராக்கியபோது, அவர் எந்த மறைமாவட்டத்தையும் நிர்வகித்தவர் அல்லர். மார்ச் 25ஆம் நாள் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அன்று மாலையே தம் மடத்துத் துறவியரோடு, இன்று ஆங்கிலிக்கத் திருச்சபையிடம் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குச் சென்று மாலைப் புகழ் என்னும் மாலை வழிபாட்டைப் பாடினார். மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்தில் கலைக்கப்பட்ட பெனடிக்ட் மடத்தின் கோயில் அது. பதவியேற்ற நாளிலேயே அவர் கால்கள் எங்கே சென்றன என்பதை எதிரணியினர் எண்ணிப் பார்க்கட்டும்.

எதிரணித் தலைவர், "பேராயர் என்ற பெயர் இல்லாவிட்டால் அமைச்சர்கள் அவர் பேச்சைக் கேட்டிருப்பார்களா?" என்று வினவினார். கேட்டிருக்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமைச்சரிடம் சொல்ல அவருக்கு ஒரு செய்தி எங்கிருந்து கிடைத்தது? கைதான மகனுக்கு உதவ பெல்ஃபாஸ்டிலிருந்து வந்து, வெடிமருந்து வழக்கில் தாமே சிறைப்பட்ட ஜூசெப்பே கான்லனை, லண்டன் வார்ம்வுட் ஸ்கிரப்ஸ் சிறையில் அவர் நேரில் சந்தித்தார். நுரையீரல் நோயால் நலிந்த அம்மனிதரின் சொல்லைக் கேட்டு, இவர் குற்றமற்றவர் என்று உறுதியாக நம்பினார். புனித பெனடிக்டின் ஒழுங்கு நூல் 'கேள்' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சொல்லில் பழகிய செவி அது!

கான்லன் 1980இல் கைதியாகவே இறந்தார். ஹியூம் விடவில்லை. 1987இல் முன்னாள் உள்துறை அமைச்சர்கள் இருவரையும், பிரபுக்கள் அவையின் முன்னாள் நீதிபதிகள் இருவரையும் உடனழைத்துக்கொண்டு உள்துறை அமைச்சரிடம் முறையிட்டார். கில்ஃபோர்ட் நகரக் குண்டுவெடிப்பு வழக்கில் தவறாகத் தண்டிக்கப்பட்ட, கான்லனின் மகன் உள்ளிட்ட 'கில்ஃபோர்ட் நால்வர்' 1989இல் விடுதலையாயினர். 1991இல் கான்லன் மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது.

எங்கள் அணிக்குச் சங்கடமான ஒன்றையும் மறைக்க மாட்டேன். மடத்தலைவராக இருந்தபோது, 1975இல் ஒரு துறவியின் மீது எழுந்த சிறார் பாலியல் புகாரை அவர் காவல்துறையிடம் கொண்டுசெல்லவில்லை. மடத்துச் சுவருக்குள்ளேயே விவகாரத்தை முடித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே குழந்தைகளைக் கைவிட்டது. அந்தப் பழியையும் மடத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும். நன்மையாயினும் தவறாயினும், அவரை வார்த்தது மடம் என்பதே எங்கள் வாதம்.

1999 ஏப்ரலில், தமக்குப் புற்றுநோய் என்பதைத் தம் குருக்களுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். ஜூன் 17இல் மறைந்தார். 2002இல் அரசி எலிசபெத் நியூகாசிலில் திறந்துவைத்த அவரது சிலையைப் பாருங்கள், நடுவர் அவர்களே. அவர் வகித்த கர்தினால் பதவியின் செந்நிற அங்கியை நினைவூட்டும் கோலம் அதில் இல்லை. பெனடிக்ட் துறவியின் உடையில்தான் அவர் நிற்கிறார்.